அப்பாவுக்கு ஒரு வாசல்

பட்டிமன்றத் தலைப்பு: பழைய வீடுகளுக்கு நாம் செய்யும் மரியாதை, இருந்தது இருந்தபடியே காப்பதா? எல்லாரும் வந்து பார்க்கும்படி திறப்பதா?

'எல்லாரும் வந்து பார்க்கும்படி திறப்பதே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவர், தென்னேரியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை.



நடுவர் அவர்களே, இந்த மேடைக்கு ஆறு படி இருக்குங்க. எண்ணிக்கிட்டேதான் ஏறினேன். மூணு வருஷமா எனக்கு இந்தப் பழக்கம். கல்யாண மண்டபமா, பத்தொன்பது படி. பேங்கா, ஏழு படி. ஆஸ்பத்திரியா, அங்கேயும் நாலு படி. ஏன் எண்ணுறேன்கிறதைப் பின்னால சொல்றேன்.

எனக்கு முன்னால பேசின பேராசிரியர் ஐயா ரொம்ப அழகாச் சொன்னாரு. "பழைய வீட்டில் ஒரு செங்கல்லைத் தொட்டாலும் வரலாற்றைத் தொட்டதாகும். பெரியவர் கால் பட்ட படியை இடித்து விட்டு எதைக் காட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டார். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. உண்மையைச் சொல்லட்டுமா? நானும் தட்டினேன். (சிரிப்பு)

நடுவர்: எதிரணிக்கே கை தட்டிட்டு வந்து பேசற முதல் ஆள் நீங்கதாம்மா!

என்னங்க பண்றது, நல்லாப் பேசினாரு, தட்டிட்டேன். ஆனா படியை இடிக்கணும்னு யாருங்க கேட்டா? படிக்குப் பக்கத்துல ஒரு பலகை போடுங்கன்னுதானே கேக்குறோம்! (கைதட்டல்)

எனக்கு ஊர் தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத் பக்கம். எங்க ஊருக்குப் பெருமை எங்க ஏரி. திரையன் ஏரி என்பதுதான் மருவித் தென்னேரி ஆனதுன்னு அறிஞர்கள் சொல்லுவாங்க. தொண்டைமான் இளந்திரையன் காலத்துப் பேரு. அவ்வளவு பழைய ஏரி. பேராசிரியர் ஐயாவை ஒன்று கேட்கிறேன். இந்த ஏரி இத்தனை நூற்றாண்டு எப்படி இருக்கு? யாரும் தொடாம அப்படியே விட்டதாலயா? கரை சரிஞ்சப்போ மண் போட்டாங்க. மதகு அடைச்சப்போ தூர் எடுத்தாங்க. குடிமராமத்துன்னு அதுக்கு ஒரு பேரே வச்சாங்க நம்ம முன்னோருங்க. ஜனங்களுக்குப் பயன்படணும்னு செப்பனிட்டுக்கிட்டே இருந்ததாலதான் அது இன்னைக்கும் ஏரி. இல்லேன்னா என்னைக்கோ மேடாகிப் போயிருக்கும். பயன்படுற பொருள்தான் நிலைக்கும். வீட்டுக்கும் அதுதான் கணக்கு.

எங்க அப்பா பட்டு நெசவு. நாற்பது வருஷம் குழித்தறி. தறின்னா கை வேலைன்னு பலபேர் நினைக்கிறீங்க. இல்லீங்க. தறிக்குழிக்குள்ள காலை இறக்கி மிதியை மிதிச்சாத்தான் பாவு பிரியும். அப்புறம்தான் நாடா ஓடும். கால்தான் பாதி நெசவு. அப்படி மிதிச்சு மிதிச்சு என்னைப் படிக்க வச்சாரு. இந்த மேடையில நான் ஏறி நிக்கிறது அவர் கால்ல நிக்கிறதுதான். (கைதட்டல்)

மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் காலையில அப்பாவுக்குப் பக்கவாதம். உயிர் பிழைச்சாரு. வலது காலும் வலது கையும் வரலை. சக்கர நாற்காலி வந்தது.

எதிரணியைக் குறை சொல்றதுக்கு முன்னாடி என்னைக் குறை சொல்லிக்கிறேன் நடுவர் அவர்களே. எங்க வீட்டுத் திண்ணை ஓரமா ஒரு அடி உயரத்துக்குப் படி. அப்பா எட்டு மாசம் தெருவைப் பார்க்கலை. உள்ளேயே கிடந்தாரு. ஆனா எங்க வீட்டுல இன்னொரு ஆள் தினம் தெருவுக்குப் போய் வந்துக்கிட்டு இருந்தது. யாருன்னு கேளுங்க. எங்க டி.வி.எஸ். 50! (சிரிப்பு) சிரிக்காதீங்க. உங்க வீட்டிலேயும் வண்டி ஏத்தி இறக்கப் படியோரமா சிமெண்டுல சாய்வு போட்டிருப்பீங்க. நாங்களும் போட்டிருந்தோம். வண்டி மழையில நனையக் கூடாது, வெயில்ல காயக் கூடாது, ராத்திரி வீட்டுக்குள்ள வரணும். வண்டிக்கு வழி யோசிச்ச எனக்கு, அப்பாவுக்கு வழி தோணலை. பக்கத்து வீட்டுப் பையன், ஆறாங்கிளாஸ் படிக்கிறவன், அவன்தான் சொன்னான்: "டீச்சர், தாத்தாவையும் வண்டி போற வழியில கூட்டிட்டுப் போலாம்ல?"

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலைங்க. பி.எட். படிச்சவ நான்!

மறுநாள் இறக்கினோம். நாற்காலி சர்ருனு ஓடிப்போச்சு. வண்டிக்குப் போட்ட சாய்வு செங்குத்தா இருந்தது. அப்புறம்தான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சாய்வு வேணும். ஒன்றுக்குப் பன்னிரண்டு. இதுதான் உலகம் பூரா வழக்கத்துல இருக்கிற கணக்கு. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பன்னிரண்டு அடிக்குச் சாய்தளம் போட்டோம். ஒன்றரை நாள் வேலை. ஒன்றரை நாள்ல முடியற வேலைக்கு எங்கப்பா எட்டு மாசம் காத்துக்கிட்டு இருந்தாரு. செலவுக்குப் பயந்து இல்லை. நாங்க யாரும் யோசிக்காததால.

தெருவுக்கு வந்ததும் அப்பாவுக்கு ஆசை வந்தது. தறியில உட்கார்ந்தா ரேடியோவுல ஒரு பெரியவரோட பாட்டு கேட்டுக்கிட்டேதான் நெய்வாரு. அந்தப் பெரியவர் வாழ்ந்த வீடு வேற ஒரு ஊர்ல நினைவு இல்லமா இருக்கு. ஊர் பேரையும் வீட்டுப் பேரையும் நான் சொல்லப் போறதில்லை. என் நோக்கம் யாரையும் குத்திக் காட்டுறது இல்லை. "கண்ணு, அந்த வீட்டை ஒரு தடவை பார்த்துடணும்மா" என்றார்.

கார் வச்சுக்கிட்டுப் போனோம். வாசல்ல அஞ்சு படி. சாய்தளம் இல்லை, கைப்பிடி இல்லை. காவலர் நல்ல மனுஷன். "கவலைப்படாதீங்கம்மா, நாலு பேரைக் கூப்பிடறேன், நாற்காலியோட தூக்கிடலாம்" என்றார். அப்பா கையை ஆட்டினாரு. "வேணாம்பா. நாப்பது வருஷம் சொந்தக் காலை மிதிச்சு சோறு போட்டவன் நான். இந்த வீட்டுக்குள்ள மூட்டை மாதிரிப் போக வேணாம்." என்னைப் பார்த்துச் சொன்னாரு: "நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு கண்ணு. நான் இங்க இருக்கேன்."

போனேன். பார்த்தேன். வந்தேன். வேப்பமரத்தடியில உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவர் உட்கார்ந்து எழுதின இடத்துல வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருது?"

நெசவாளி கேள்விங்க அது. வெளிச்சம் எந்தப் பக்கம்னு பார்த்துத்தான் தறி போடுவாங்க. எனக்குப் பதில் தெரியலை. நான் பலகையைப் படிச்சேன், போட்டோவைப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்க்கலை. அந்த வீட்டை நிஜமா பார்க்கத் தெரிஞ்ச ஒரே ஆள் வெளியே உட்கார்ந்திருந்தாரு. பார்க்கத் தெரியாத நான் உள்ளே சுத்திட்டு வந்தேன். (நீண்ட கைதட்டல்)

எதிரணியில் அடுத்துப் பேசிய அண்ணன் கேட்டார், "இப்படி எத்தனை பேர் வரப் போகிறார்கள், அவர்களுக்காகப் பழமையைக் கெடுக்கலாமா?" என்று. எண்ணிக்கையா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம். இந்தக் கணக்கில் மூட்டு வலிக்காரப் பாட்டி வரமாட்டாங்க. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வரமாட்டாங்க. கால் உடைஞ்சு கட்டுப் போட்ட பையன் வரமாட்டான். அண்ணே, நீங்களே இந்த மேடையில ஏறும்போது "அப்பாடா"ன்னு கைப்பிடியைப் பிடிச்சீங்க, நான் பார்த்தேன். (சிரிப்பு) தப்பில்லை. படி எல்லாருக்கும் ஒருநாள் உயரமாகும்.

"பழைய இடங்களில் முடியாது" என்று சொல்கிறார்களே, முடியும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 2001 ஜனவரி. உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் டில்லிக்கு வந்தார். சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த மனிதர். பழைய சின்னங்களைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டார். தானும் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபட்ட ஜாவேத் அபிதி போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். தொல்லியல் துறை குதுப் மினார், செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை, ஜந்தர் மந்தர் ஆகிய இடங்களில் மரத்தால் சாய்தளம் அமைத்துக் கொடுத்தது. குதுப் மினார் இடிஞ்சு விழுந்துச்சா? செங்கோட்டை சிவப்பு போச்சா? (சிரிப்பு, கைதட்டல்) ஒரு விருந்தாளிக்குச் செய்ய முடிஞ்சது, ஊர் ஜனத்துக்குச் செய்ய முடியாதா? ஹாக்கிங் பிரபஞ்சத்தைப் பத்தி யோசிச்சவர், சரி. எங்கப்பா பாவையும் ஊடையையும் பத்தி யோசிச்சவர். இரண்டு பேருக்கும் சக்கரம் ஒண்ணுதானே!

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1921-இல், 39 வயதில், இளம்பிள்ளைவாதம் தாக்கி இரண்டு காலும் போனது. அதற்கப்புறம்தான் பன்னிரண்டு வருஷம் நாட்டை ஆண்டார். அவர் வீடு நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க் என்ற ஊரில் இருக்கிறது. பெட்டி படுக்கையை மேலே ஏற்ற வைத்திருந்த கயிற்றுத் தூக்கியில் உட்கார்ந்து, தன் கையாலேயே கயிற்றை இழுத்து மாடிக்குப் போவாராம். அந்த வீடு 1946 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அந்தத் தூக்கியையும் காட்டுகிறார்கள். பேராசிரியர் ஐயா, கவனியுங்கள். வீட்டை மாற்றியது வரலாற்றைக் கெடுக்கவில்லை. அந்த மாற்றமே வரலாறாகிவிட்டது! (கைதட்டல்)

எல்லா இடத்திலும் எல்லாம் முடியும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்க் வீடு இருக்கிறது. நாஜிகளுக்குப் பயந்து அந்தச் சிறுமி 1942 முதல் 1944 வரை குடும்பத்தோடு ஒளிந்திருந்த இடம். புத்தக அலமாரிக்குப் பின்னால் வழி, செங்குத்தான ஏணி மாதிரிப் படி. அங்கே சக்கர நாற்காலி போகாது. போகாது என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அருங்காட்சியகத்தின் புதிய பகுதிக்கு நாற்காலியில் போகலாம். ஏற முடியாதவர்கள் அந்த அறைகளைத் திரையில் சுற்றிப் பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். முடியாததை முடியாது என்று சொல்வது நேர்மை. முயற்சியே செய்யாமல் முடியாது என்று சொல்வது சோம்பல்.

நடுவர்: அம்மா, நம்ம ஊர் வீட்டுக்கு வாங்க. நம்ம திண்ணை வீட்டுக்கு என்ன வழி?

வரேங்க ஐயா. இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். காஞ்சிபுரத்துல அண்ணா வாழ்ந்த வீடு நினைவு இல்லம். திருவல்லிக்கேணியில பாரதியார் வாழ்ந்த வீடு நினைவு இல்லம். கும்பகோணத்துல கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த சின்ன ஓட்டு வீடு, அதுவும் நினைவு இல்லம். இப்படி ஊருக்கு ஊர் இருக்கு. நம்ம பழைய வீட்டு அமைப்பு என்ன? தெரு, படி, திண்ணை, நிலைவாசல், நடை, முற்றம், கூடம், புழக்கடை. இதுல இடிக்காம என்னென்ன செய்யலாம்னு சொல்றேன்.

முதல்ல கதவு. நம்ம வீட்டுக் கதவு இரட்டைக் கதவு. பல இடத்துல ஒரு கதவைத் தாழ் போட்டுட்டு ஒத்தைக் கதவைத்தான் திறந்து வைப்பாங்க. நாற்காலி தாராளமா போக மூணு அடி வேணும். மூடின கதவையும் திறங்க. செலவு? ஒரு பைசா கிடையாது! (கைதட்டல்)

இரண்டாவது, சாய்தளம். திண்ணை இரண்டரை அடின்னா முப்பது அடி நீளம் வேணும். சின்னத் தெருவுல முப்பது அடிக்கு எங்க போறது? நேரா போட முடியலைன்னா நடுவுல சமதளம் விட்டு மடக்கிப் போடலாம். அதுக்கும் இடமில்லேன்னா புழக்கடைப் பக்கம் தரை சமமா இருக்கும், அந்த வழியைத் திறக்கலாம். ஆனா ஒரு வார்த்தை. புழக்கடை வழின்னா குப்பைத்தொட்டியைச் சுத்திக்கிட்டுப் போற வழியா இருக்கக் கூடாது. அங்கேயும் ஒரு கோலம், ஒரு விளக்கு, ஒரு வரவேற்புப் பலகை இருக்கணும். மரத்துலயோ இரும்புலயோ செய்தா ஆணி அடிக்காம வைக்கலாம், வேணாம்னா எடுத்துடலாம். கல்லு கல்லாவே இருக்கும்.

மூணாவது, நிலைவாசல். "மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிற இடமாயிற்றே, மிதிக்கலாமா?" என்று கேட்டீர்கள். மேலே ஒரு சின்னப் பலகை போட்டுச் சக்கரம் தாண்டிப் போனா வாசப்படியை மிதிக்காத ஒரே ஆள் சக்கர நாற்காலிக்காரர்தாங்க! நாம எல்லாரும்தான் மிதிச்சுக்கிட்டுப் போறோம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நாலாவது, உட்கார ஒரு பெஞ்சு, நாற்காலி திரும்புற அளவுக்கு ஒரு கழிப்பறை. மாடிக்குப் போக முடியாதவங்களுக்கு மாடி அறையைக் கீழேயே படமாக் காட்டுங்க. ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எப்படி விழுதுன்னு காட்டுங்க. காவலருக்குச் சொல்லிக் கொடுங்க, "தூக்கட்டுமா?"ன்னு ஆளைத் திரட்டுறதுக்கு முன்னாடி, "எப்படி உதவணும் ஐயா?"ன்னு அவரையே கேக்கச் சொல்லுங்க.

பழமை கெட்டுடும்னு சொல்றீங்களே, அதே பழைய வீட்டுல டியூப்லைட் போட்டிருக்கீங்க, சுவத்துல துளை போட்டு மின்விசிறி மாட்டியிருக்கீங்க, மூலைக்கு மூலை கேமரா வச்சிருக்கீங்க. அந்தப் பெரியவர் காலத்துல கேமராவா இருந்துச்சு? திருடன் வந்தா தெரியணும்னு சுவத்தைத் துளைக்கலாம், விருந்தாளி வர ஒரு பலகை போடக் கூடாதா? (நீண்ட கைதட்டல்)

காஞ்சிபுரத்துல தேர்த் திருவிழான்னா என்ன நடக்கும்? தெருப் பள்ளத்தை ரொப்புவாங்க. கரண்ட் கம்பியைக் கழட்டுவாங்க. சாமி வர வழியை ஊரே சேர்ந்து சரி பண்ணும். சக்கரத்துல வர சாமிக்கு வழி பண்ணத் தெரிஞ்ச ஊருக்கு, சக்கரத்துல வர மனுஷனுக்கு வழி பண்ணத் தெரியாதா?

இது தயவும் இல்லை, தர்மமும் இல்லைங்க. சட்டம். 1995-லேயே ஒரு சட்டம் வந்தது. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. இருக்கிற பொதுக்கட்டடங்களை விதிமுறை வந்து ஐந்து ஆண்டுக்குள் எல்லாரும் பயன்படுத்தும்படி செய்ய வேண்டும் என்றது. விதிமுறை வந்தது 2017-இல். கெடு முடிந்தது 2022-இல். 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இதை வெறும் யோசனையாக வைத்தால் போதாது, கட்டாயமான குறைந்தபட்ச விதிகள் வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அதே 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் கடல் அலை வரைக்கும் சக்கர நாற்காலி போக மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது. "பார்த்தாயா, வீண்செலவு" என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் திரும்பவும் சரி செய்தார்கள். மணலிலேயே வழி போட முடிகிறது, அலையிடமிருந்தே மீட்க முடிகிறது. அசையாமல் நிற்கிற ஒரு வீட்டு வாசலில் முடியாதா நடுவர் அவர்களே?

ஒரு பெரியவர் வாழ்ந்த வீட்டை எதுக்குக் காப்பாத்துறோம்? அவர் ஜனங்களுக்காக வாழ்ந்தார் என்பதற்காக. அவர் உயிரோட இருந்து, எங்கப்பா வாசல்ல வந்து நின்னிருந்தா என்ன செய்திருப்பார்? "படியைத் தொடாதே, அது வரலாறு"ன்னு சொல்லியிருப்பாரா? "வாங்க ஐயா"ன்னு அவரே இறங்கி வந்திருப்பாரு. அந்த "வாங்க ஐயா"தான் அந்த வீட்டோட பழமை. செங்கல்லை மட்டும் வச்சுக்கிட்டு அதைத் தொலைச்சுட்டோம்னா, நாம காப்பாத்துறது வீட்டை இல்லை, வெறும் கட்டடத்தை.

எங்கப்பா இப்போ தென்னேரியில டி.வி. முன்னால உட்கார்ந்திருப்பாரு. அப்பா, அந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது. மறுபடி நான் தனியாப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லப் போறதும் இல்லை. அந்த வாசல்ல ஒரு பலகை விழட்டும். நீங்களே போய்ப் பார்த்து, வெளிச்சம் எந்தப் பக்கம்னு எனக்குச் சொல்லுங்க.

பழைய வீடுகளுக்கு நாம் செய்யும் மரியாதை, எல்லாரும் வந்து பார்க்கும்படி திறப்பதே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட நேரம் கைதட்டல்)